லீவு போட்டும் தீராத சோர்வு

லீவில் போய்விட்டு வந்த தெம்பு எத்தனை நாள் நிற்கும்? மினா வெஸ்ட்மன், டோவ் ஈடன் என்ற இரண்டு இஸ்ரேலிய ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்தார்கள். எழுத்தர் வேலையில் இருந்த 76 பேரை லீவுக்கு முன் இரண்டு முறை, லீவின்போது ஒரு முறை, திரும்பி வந்தபின் இரண்டு முறை விசாரித்தார்கள். 1997இல் முடிவு வெளியானது. லீவில் சோர்வு குறையத்தான் செய்தது. ஆனால் வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாளே அதில் ஒரு பகுதி திரும்பி வந்துவிட்டது. மூன்று வாரத்தில் லீவுக்கு முன்பு எங்கே இருந்தார்களோ அங்கேயே வந்து நின்றார்கள்.

இது ஆய்வு சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. பொங்கலுக்கு ஐந்து நாள் ஊரில் இருந்துவிட்டு, விடிகாலையில் கிளாம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே நெஞ்சில் ஏறி உட்காரும் கனத்தைப் பலரும் அறிவார்கள். ஆனாலும் யாராவது ‘முடியல’ என்று சொன்னால் நம் வாயில் முதலில் வருவது ‘ரெண்டு நாள் லீவு போட்டு ரெஸ்ட் எடு, சரியாயிடும்’ என்பதுதான். உழைத்துக் களைத்தவருக்கு அது சரியான யோசனை. பர்ன்அவுட் ஆனவருக்கு, அதாவது வேலையே உள்ளுக்குள் எரித்து வற்றவைத்துவிட்டவருக்கு, அது போதாது. லீவில் ஊருக்குப் போனது அவர் மட்டும்தானே? அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்த காரணம் ஆபீசிலேயே காத்துக்கொண்டிருந்தது.

அந்தக் காரணம் எது என்று தெரியாமல் எடுக்கிற எந்த வைத்தியமும் குருட்டாம்போக்கில் நடக்கிற வைத்தியம்தான். ஆளுக்கு ஆள் காரணம் வேறு. ஒரே ஆபீசில், ஒரே சம்பளத்தில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருக்கும் இரண்டு பேருக்குக்கூட வேறு வேறாக இருக்கலாம்.

யாருக்கு வருகிறது

இந்தச் சோர்வை முதலில் கவனித்து எழுதியவர்களில் ஒருவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். ஜெர்மனியில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பிச் சிறு வயதிலேயே அமெரிக்கா போய்ச் சேர்ந்த யூதர், உளவியலாளர். 1970களின் தொடக்கத்தில் பகலில் நியூயார்க்கில் தன்னுடைய சொந்த கிளினிக்கைக் கவனித்துக்கொண்டு, மாலையானதும் ஈஸ்ட் வில்லேஜ் பகுதியில் இருந்த இலவச கிளினிக் ஒன்றுக்குப் போய் ராத்திரி வரை இருப்பார். போதைப் பழக்கத்தில் சிக்கியவர்கள், கையில் காசில்லாத இளைஞர்கள் என்று அங்கே கூட்டம் நெரியும். வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள்.

ஆர்வத்தோடு வந்து சேர்ந்த அந்தத் தொண்டர்கள் சில மாதங்களில் ஆளே மாறிப்போவதை அவர் பார்த்தார். 1974இல் வெளியான கட்டுரையில் அடையாளங்களை அடுக்கினார்: ஆறாத சளி, அடிக்கடி தலைவலி, வயிற்றுக் கோளாறு, தூக்கமின்மை, சட்டென்று பொங்கும் கோபம், கூட வேலை செய்பவர்கள் மேலேயே சந்தேகம். ஆபீசில் இருக்கும் நேரம் கூடிக்கொண்டே போகும், முடிகிற வேலை குறைந்துகொண்டே வரும் என்பதையும் குறித்துவைத்தார். எட்டி நின்று எழுதிய கட்டுரை அல்ல அது. அவரும் அந்த நிலைக்குப் போய் வந்தவர்.

அவர் சொன்னதில் இன்றைக்கும் நின்று யோசிக்க வேண்டியது, இது யாருக்கு வருகிறது என்பது. வேலையில் மனசு வைத்தவருக்குத்தான் வருகிறது. கடனே என்று வேலை பார்ப்பவருக்கு இது பெரும்பாலும் வருவதில்லை. நம் ஆபீஸ்களில் இதற்கு இன்னொரு கோணமும் உண்டு. வேலை செய்கிறவர் தலையிலேயேதான் மேலும் மேலும் வேலையைக் கட்டுவார்கள். ‘அவர்கிட்ட கொடுத்தா முடிச்சிடுவார்’ என்ற பெயர் ஒருவருக்கு வந்துவிட்டதென்றால் அது அவருக்கு விழுந்த பாராட்டா தண்டனையா என்று சொல்வது கஷ்டம்.

அதற்குப் பிறகு கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சனோடு சேர்ந்து 1981இல் இதை அளக்க 22 கேள்விகள் கொண்ட வினாத்தாள் ஒன்றை உருவாக்கினார். இன்றும் உலகம் முழுக்க அதிகம் பயன்படுவது அதுதான். மூன்று விஷயங்களை அது தனித்தனியாகப் பார்க்கிறது. ஒன்று, உடம்பும் மனமும் வற்றிப்போவது. இரண்டாவது, வேலை மேலும் அந்த வேலையில் எதிர்ப்படும் மனிதர்கள் மேலும் ஒட்டுதல் அற்றுப்போய், யாருக்கு வந்த விருந்தோ என்று இருப்பது. மூன்றாவது, செய்வதெல்லாம் விழலுக்கு இறைத்த நீர் என்ற நினைப்பு.

பலர் தடுமாறுவது இங்கேதான். முதலாவது மட்டும் இருந்தால் அதைப் பர்ன்அவுட் என்று சொல்லிவிட முடியாது. மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும் 2016இல் இதைப் பிரித்துக் காட்டினார்கள். களைப்பு மட்டும் மிக அதிகமாக உள்ளவர்களுக்கு முக்கியப் பிரச்சினை பெரும்பாலும் வேலைச் சுமை. சுமையைக் குறைத்து ஓய்வு கொடுத்தால் அவர்கள் எழுந்துவிடுவார்கள். வெறுப்பு தலைதூக்கியவர்களின் கதை வேறு. வேலை செய்கிற இடத்தில் வேறு எதுவோ கோணலாகியிருக்கும்; அவர்களுக்கு லீவு கொடுத்து ஒன்றும் ஆகாது. ஆக, ‘எனக்கு என்ன ஆச்சு’ என்று கேட்டுக்கொள்ளும்போது முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான்: களைத்துப் போயிருக்கிறேனா, வெறுத்துப் போயிருக்கிறேனா?

உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் தன் நோய் வகைப்பாட்டில் பர்ன்அவுட்டைச் சேர்த்திருக்கிறது. ஆனால் நோயாகச் சேர்க்கவில்லை. வேலையிடத்தில் நாள்பட்ட, சரியாகக் கையாளப்படாத அழுத்தத்தால் விளைவது என்கிறது. சரியாகக் கையாளாதது யார், வேலை செய்பவரா வேலை கொடுத்தவரா என்பதை அந்த வரையறை சொல்லாமல் விட்டுவிட்டது. சண்டை முழுக்க அதில்தான் இருக்கிறது.

மணி நேரம் மட்டும்தானா?

2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் அதை 90 ஆக்கினார். இரண்டு தடவையும் மீம்ஸ் பறந்தன. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட கணக்கு அவற்றைவிட அழுத்தமான பதில். வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ செய்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதமும் இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம். நம் தொழிற்சாலைச் சட்டம் 1948இலேயே வாரத்துக்கு 48 மணி நேரம் என்று கோடு கிழித்துவிட்டது. நேரம் முக்கியம்தான், அதில் விவாதமே இல்லை.

ஆனால் நேரத்தை மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். வாரம் 60 மணி நேரம் சொந்தக் கடையில் நிற்பவர் தெம்பாக இருக்கிறார், 40 மணி நேர அரசு வேலையில் இருப்பவர் வெந்துபோகிறார். இது எப்படி? மாஸ்லாக்கும் லைட்டரும் 1997இல் ஆறு இடங்களைச் சுட்டிக் காட்டினார்கள்: வேலைச் சுமை, வேலை மீது நமக்கு இருக்கும் பிடி, கிடைக்கும் பலன், கூட இருப்பவர்களோடு உள்ள உறவு, நியாயம், நம் மனசாட்சிக்கும் வேலைக்கும் உள்ள பொருத்தம். இவற்றில் ஏதாவது ஒன்றில் நீண்ட நாள் உரசல் இருந்தாலே போதும். ஆறுமே எல்லாருக்கும் சமமாக உறைப்பதில்லை. என் பார்வையில் நம் ஊரில் அதிகம் பேரை அரிப்பவை பிடியும் பலனும் மனசாட்சியும்தான். ஆனால் நாம் வாய்விட்டுச் சொல்வது சுமையை மட்டும்தான். ‘வேலை ஜாஸ்தி’ என்று சொல்வதில் கௌரவக் குறைச்சல் இல்லை பாருங்கள்.

பிடி என்பதை ஒரு அரசுத் தொடக்கப் பள்ளியில் வைத்துப் பார்க்கலாம். ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்பு, இரண்டு பேர். காலையில் வந்ததும் செயலியில் பிள்ளைகளின் வருகையைப் பதிய வேண்டும். நெட்வொர்க் கிடைக்காது, சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆசிரியர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் வேப்பமரத்தடிக்கும் நடப்பார். ரெண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலேட்டோடு காத்திருக்கும். பாடம் சூடுபிடிக்கும் நேரத்தில் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு படிவம் வரும், ‘மிக அவசரம், இன்று மதியத்துக்குள்’ என்ற தலைப்போடு. போன மாதம் இதே விவரத்தைத்தான் கொடுத்தோம் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. மற்ற ஆசிரியர் பயிற்சிக்குப் போயிருந்தால் அன்றைக்கு ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். பள்ளி விவரங்களைச் சேர்க்கும் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் பதிவேற்றுகிற வேலையிலிருந்து எங்களை விடுவியுங்கள் என்று ஆசிரியர் சங்கங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருப்பது வெறும் சோம்பலில் அல்ல. அந்த ஆசிரியரைக் கேட்டுப் பாருங்கள், பாடம் நடத்துவது கஷ்டம் என்று சொல்ல மாட்டார். பாடம் நடத்த விடுவதில்லை என்பார்.

வேலை அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979இல் இதைத்தான் விளக்கினார். எதிர்பார்ப்பு அதிகமாக இருக்கும் வேலை தன்னளவில் ஆளை முறிப்பதில்லை. எதிர்பார்ப்பு அதிகம், தீர்மானிக்கும் உரிமை குறைவு என்ற சேர்க்கைதான் முறிக்கிறது. லண்டனில் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த வைட்ஹால் ஆய்வும் இந்தப் பக்கமே கை காட்டியது: வேலை மீது பிடி குறைவாக உள்ளவர்களுக்கு இதய நோய் அதிகம். பெரிய அதிகாரிக்குத்தான் டென்ஷன், பியூனுக்கு என்ன கவலை என்ற நம் பழைய நம்பிக்கையை அது தலைகீழாக்கிவிட்டது.

பலன் என்றால் பணம் மட்டும் அல்ல. ஜெர்மனியில் பணியாற்றிய சமூகவியலாளர் யோஹானஸ் சீக்ரிஸ்ட் 1996இல் மூன்றைச் சொன்னார்: பணம், மதிப்பு, வேலை நிலைக்கும் என்ற உறுதி. கொட்டுகிற உழைப்புக்கும் வருகிற பலனுக்கும் இடைவெளி கூடக் கூட உடம்பே கெடுகிறது என்றார். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் 2015இல் தேர்வான செவிலியர்களை நினைத்துப் பாருங்கள். மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், இரண்டு ஆண்டில் நிரந்தரம் ஆகும் என்ற எதிர்பார்ப்பு. 2017 நவம்பரில் பணி நிரந்தரம் கேட்டு சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் ஆயிரக்கணக்கில் வந்து உட்கார்ந்தார்கள். பக்கத்தில் நிற்கும் நிரந்தரச் செவிலியர் செய்யும் அதே ஊசி, அதே டிரிப்ஸ், அதே நைட் டியூட்டி. சம்பளத்தில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பலன், நியாயம், உறுதி மூன்றும் ஒரே இடத்தில் அறுபட்டால் தியானம் கற்றுக் கொடுத்து என்ன பயன்?

உறவையும் நியாயத்தையும் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அப்ரைசல் முடிந்த மறுநாள் எந்த ஐடி கம்பெனியின் கேன்டீனிலும் ஒரு டீ குடித்தால் தெரிந்துவிடும்.

மனசாட்சிதான் கொஞ்சம் மறைவான காரணம். ஒரு வங்கிக் கிளையை எடுத்துக்கொள்வோம். உரம் வாங்க, பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட என்று நகையை அடகு வைக்க ஒரு அம்மா வருகிறார். நகையை எடை போட்டாயிற்று, எல்லாம் சரி. கையெழுத்து வாங்கும் காகிதங்களோடு ஒரு இன்சூரன்ஸ் படிவமும் சேர்ந்துகொள்கிறது. ‘இதையும் போட்டுக்கங்கம்மா, நல்லது’ என்கிறார் அதிகாரி. அது அந்த அம்மாவுக்குத் தேவையில்லை என்று அவருக்கும் தெரியும். சாயந்திரம் ஆறு மணிக்கு ரீஜனல் ஆபீசிலிருந்து வீடியோ கால் வரும், ‘இன்னைக்கு எத்தனை பாலிசி?’ என்று. 2024 நவம்பரில் நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமனே, வங்கிகள் இப்படித் தேவையற்ற காப்பீட்டைத் தலையில் கட்டுவதைக் கண்டித்துப் பேசினார். அந்த அதிகாரிக்கு வேலை நேரம் ஒன்றும் மிக அதிகம் இல்லை, சம்பளமும் சரியாக வருகிறது. ஆனால் படுத்தால் தூக்கம் வருவதில்லை. கவுன்டருக்கு வருகிறவர்கள் மேல் காரணமில்லாமல் எரிச்சல் வருகிறது. யாருக்குத் தப்பு செய்கிறோம் என்று தெரிகிறதோ அவர்கள் முகத்தைப் பார்க்காமல் இருக்க மனசு கண்டுபிடிக்கும் வழி அந்த எரிச்சல். அவரை ஒரு வாரம் கொடைக்கானலுக்கு அனுப்பினால், தூங்கி எழுந்து வந்து அதே படிவத்தை நீட்டுவார்.

வீட்டில் இன்னொரு ஷிப்ட்

இதுவரை சொன்னதெல்லாம் சம்பள வேலை. உலக சுகாதார நிறுவனமும் பர்ன்அவுட் என்பதை அதற்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும் என்கிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இந்தியாவின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். அடுப்படியில் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் நிற்பவருக்கு ஆபீசை மட்டும் வைத்துக் காரணம் தேடினால் எப்படிக் கிடைக்கும்? ஏற்கெனவே சொன்ன ஆறு இடங்களையும் வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். சுமை உண்டு, முடிவெடுக்கும் உரிமை பல வீடுகளில் இல்லை, பலனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், நியாயம் என்று பேச்செடுத்தால் சண்டை.

பெல்ஜியத்தின் இசபெல் ராஸ்கமும் மோய்ரா மிகோலாய்சாக்கும் 42 நாடுகளில் 17,409 பெற்றோர்களை ஆராய்ந்து 2021இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிள்ளை வளர்ப்பில் வெந்துபோவது, தனிமனிதப் போக்கு ஓங்கிய மேற்கத்திய நாடுகளில்தான் அதிகமாக இருந்தது. பாட்டி, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா என்று பல கைகள் சேர்ந்து பிள்ளை வளர்த்தவர்கள் நாம். இன்று பதினோராவது மாடி ஃபிளாட்டில் ஒருத்தியே எல்லாம் செய்கிறாள். எதிர்பார்ப்பு மட்டும் ஒன்றும் குறையவில்லை, கூடத்தான் செய்திருக்கிறது.

காரணம் தேடக் கிளம்புவதற்கு முன் உடம்பை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். இதைச் சொல்லாமல் விடுகிற பர்ன்அவுட் கட்டுரைகள் ஏராளம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஹீமோகுளோபின் எட்டில் இருப்பவருக்கு மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும். அவருக்கு முதலில் வேண்டியது இரும்புச் சத்து மாத்திரை, அப்புறம்தான் மானேஜரோடு பேச்சுவார்த்தை. தைராய்டு, சர்க்கரை, பி12 குறைபாடு, குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு தடைப்படுவது எல்லாமே இதே மாதிரி அசதியைத் தரும். ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் பாதி தெரிந்துவிடும்.

அடுத்தது மனச்சோர்வு நோய். பர்ன்அவுட்டில் வெறுப்பு வேலையைச் சுற்றியே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியும் பிள்ளையின் மழலையும் அப்போதும் இனிக்கும். மனச்சோர்வில் எதுவுமே இனிக்காது. எதிலும் நாட்டம் இல்லாமை, காரணமற்ற குற்றவுணர்வு, வாழ்ந்து என்ன என்ற எண்ணம் எல்லாம் வாரக்கணக்கில் நீடிக்கும். இரண்டும் ஒன்றேதான், பர்ன்அவுட் என்பது மனச்சோர்வின் இன்னொரு முகம் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. ரென்சோ பியாங்கி, இர்வின் ஷான்ஃபெல்ட் அப்படிப்பட்டவர்கள். அந்த விவாதம் முடியட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. சாவைப் பற்றிய நினைப்பு தலைகாட்டினால் காரணங்களை அலசிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே உதவி தேட வேண்டும். மத்திய அரசின் டெலி மனஸ் எண் 14416, தமிழ்நாட்டின் சுகாதார உதவி எண் 104. இரண்டிலும் தமிழில் பேசலாம்.

கண்டுபிடிப்பது, பேசுவது, மாற்றுவது

சரி, உடம்பில் கோளாறு இல்லை. அடுத்து என்ன செய்வது? ஒரு சின்ன நோட்டு போதும். இரண்டு வாரம், தினமும் படுக்கப் போகும் முன் மூன்று வரி. இன்று எந்த வேலையில் உடம்பு கனத்தது? அதைச் செய்யச் சொல்லித் தீர்மானித்தது யார்? எது நேரம் போவதே தெரியாமல் ஓடியது? மணிக்கணக்கு எழுத வேண்டாம். மணிக்கணக்கு எழுதினால் கண் சுமை பக்கமே போகும்.

ஓ.எம்.ஆரில் ஒரு ஐடி கம்பெனியின் சப்போர்ட் டீமில் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வேலை அதிகம் என்பதுதான் அவருடைய புகார். இரண்டு வார நோட்டைப் புரட்டிப் பார்த்தால், பன்னிரண்டு மணி நேரம் ஓடிய மென்பொருள் ரிலீஸ் நாளில் அவர் உற்சாகமாகத்தான் இருந்திருக்கிறார். கனத்தது எல்லாம், எந்த ராத்திரி போன் அடிக்கும் என்று தெரியாமல் படுத்த நாட்கள். கால் வராத ராத்திரியிலும் தூக்கம் கெட்டிருக்கிறது. அவருக்கு வேண்டியது குறைந்த வேலை இல்லை. முன்கூட்டியே தெரிகிற முறைப்பட்டியல். இந்த வாரம் நீ, அடுத்த வாரம் நான் என்று டீமில் எழுதிப் போட்டுவிட்டால், தன் முறை இல்லாத வாரங்களில் போனை சைலன்டில் போட்டுத் தூங்கலாம். வேலையை மனசிலிருந்தே இறக்கி வைக்கிற நேரம்தான் உண்மையான ஓய்வு என்று ஜெர்மானிய உளவியலாளர் சபீன சோன்னென்டாக் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். உடம்பு சோபாவில், மனசு வாட்ஸ்அப் குரூப்பில் என்றிருப்பது ஓய்வுக் கணக்கில் சேராது.

மேலதிகாரியிடம் எப்படிப் பேசுவது என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. ‘எனக்குப் பர்ன்அவுட் ஆயிடுச்சு சார்’ என்று ஆரம்பிக்க வேண்டாம். நல்ல அதிகாரி பரிதாபப்படுவார், மற்றவர் குறித்து வைத்துக்கொள்வார். இரண்டாலும் வேலை மாறாது. ‘இந்த மூன்று ரிப்போர்ட்டில் ஒன்றைத்தான் வெள்ளிக்கிழமைக்குள் உருப்படியாக முடிக்க முடியும், எதை முடிக்கட்டும்?’ என்று கேட்பது வேறு. முடிவெடுக்கும் பாரம் அப்போது சரியான மேசைக்குப் போகிறது. கேட்பது ஒரே ஒரு விஷயமாக, சின்னதாக, ‘ஒரு மாதம் செய்து பார்ப்போம்’ என்பதாக இருந்தால் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொரு வழி பலர் கவனிக்காதது: வேலையைக் குறைப்பதற்குப் பதில், பிடித்த வேலைக்கு இடம் பிடிப்பது. டெய்ட் ஷானஃபெல்ட் குழு 2009இல் அமெரிக்க மருத்துவக் கல்வி நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்த மருத்துவர்களைப் பார்த்தது. தனக்கு அர்த்தமுள்ளதாகத் தோன்றும் வேலைக்கு, அது நோயாளியைப் பார்ப்பதோ ஆராய்ச்சியோ பாடம் எடுப்பதோ, மொத்த நேரத்தில் 20 சதவீதமாவது கொடுக்க முடிந்தவர்களில் பர்ன்அவுட் ஏறக்குறைய 30 சதவீதம். அது முடியாதவர்களில் 54 சதவீதம். ஐந்து நாளில் ஒரு நாள்தான் கணக்கு. செயலிக்கு நடுவிலும் வாரம் ஒரு பீரியட் கதை சொல்வதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஆசிரியரைப் பார்த்தால் இந்தக் கணக்கு புரியும்.

கம்பெனிகள் செய்வது வேறு. ஜூன் 21 வந்தால் பாய் விரித்து யோகா, நடுநடுவே ஒரு மைண்ட்ஃபுல்னெஸ் செயலிக்கு இலவசச் சந்தா, அக்டோபரில் மனநல வார போஸ்டர். யோகா நல்லதுதான், மறுப்பில்லை. ஆனால் ஆக்ஸ்ஃபோர்டின் வில்லியம் ஃபிளெமிங் பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 ஊழியர்களின் தரவை அலசி 2024இல் வெளியிட்டதில், இப்படிப்பட்ட தனிநபர் திட்டங்களில் பங்கேற்றவர்கள் பங்கேற்காதவர்களைவிட எந்த வகையிலும் மேலாக இல்லை. விதிவிலக்காக நின்றது தொண்டுப் பணி வாய்ப்பு ஒன்றுதான். ஊழியரைச் செப்பனிட்டு அதே வேலைக்குள் திருப்பி அனுப்பும் முயற்சிகள் இவை. வேலையைத் தொடுவதே இல்லை.

வேலையைத் தொட்ட உதாரணங்கள் நம்மிடமே இருக்கின்றன. ஜவுளிக்கடை, நகைக்கடை ஊழியர்கள் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்க வேண்டியிருந்தது. 2021இல் தமிழ்நாடு அரசு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. கேரளம் அதற்கு முன்பே 2018இல் செய்திருந்தது. எல்லாக் கடையிலும் உட்கார விடுகிறார்களா என்பது வேறு கேள்வி. அடுத்த தடவை புடவை எடுக்கப் போகும்போது நீங்களே பாருங்கள். 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டப்பேரவையில் நிறைவேறியது. ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் கொதித்தன. மூன்றே நாளில் நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். ஆறு காரணங்களில் சுமையும் பலனும் நியாயமும் தனி ஆள் கேட்டுக் கிடைப்பவை அல்ல. செவிலியர்கள் ஒவ்வொருவராகப் போய் மனுக் கொடுத்திருந்தால் யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்?

எதுவும் மாறாதபோது மிஞ்சுவது வேலையை விடுவது. அதிலும் காரணம் தெரிந்திருந்தால் கணக்கு மாறும். பிரச்சினை ஒரு மேலதிகாரி என்றால் கம்பெனி மாறவே வேண்டாம், டீம் மாறினால் போதும். பிரச்சினை இன்சூரன்ஸ் டார்கெட் என்றால் இந்த வங்கியை விட்டு அந்த வங்கிக்குப் போவதில் அர்த்தம் இல்லை. அங்கேயும் ஆறு மணிக்கு வீடியோ கால் உண்டு. பிரச்சினை வீட்டின் இரண்டாவது ஷிப்ட் என்றால் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அது கூடவே வரும். பேச வேண்டியது எச்.ஆரிடம் அல்ல, புருஷனிடம். மாதா மாதம் ஈ.எம்.ஐ கட்டுபவருக்கு ‘பிடிக்கலன்னா விட்டுடு’ என்பதைப் போல எரிச்சலூட்டும் அறிவுரை வேறில்லை. அவருக்கு முதல் வேலை ஆறு மாதச் செலவைச் சேர்ப்பது. அந்தப் பணம் வங்கியில் இருந்தாலே, ராஜினாமா செய்யாமலேயே, மேலதிகாரியிடம் பேசும் குரல் மாறும்.

விட்டபின் உடனே சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். சுவீடனில் 2005 முதல் கடுமையான உழைப்புச் சோர்வைத் தனி நோயாகவே பதிவு செய்கிறார்கள். அங்கே சிகிச்சைக்கு வந்தவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், பல ஆண்டுகள் கழித்தும் பலருக்கு அசதியும் மறதியும் மிச்சமிருந்தன. சிறிய அழுத்தத்தைக்கூட முன்பு போல் தாங்க முடியவில்லை. அதனால் புது வேலையில் சேர்ந்ததும் பழைய ஞாபகத்தில் ‘எங்கிட்ட கொடுங்க, நான் முடிச்சிடறேன்’ என்று கை தூக்குவதை முதல் சில மாதங்களுக்காவது தள்ளிப்போடுவது நல்லது.